ஹேவ்லாக்கில் குறைந்த வாடகையில் தங்குவது: அறையை விட அது நிற்கும் இடத்தைப் பாருங்கள்

ஜனவரி கடைசியில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகளோடு அந்தமானின் ஹேவ்லாக் தீவில் நான்கு இரவு தங்கப் போவதாகவும், அறை ஒன்றுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. கடலைப் பார்த்த மூங்கில் குடிலை எடுப்பதா, சாலையோர லாட்ஜை எடுப்பதா என்பது உங்கள் கேள்வி.

சாலையோர லாட்ஜையே எடுங்கள். தரைத்தளத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை கேளுங்கள். குடில் மோசம் என்று நான் சொல்லவில்லை. கூட வருகிறவர்களையும் அந்தத் தீவின் கடற்கரையையும் சேர்த்து யோசித்தால் இதுதான் சரியாக வருகிறது. நான் மூன்று முறை போய் மூன்று விதமான இடங்களில் தங்கியிருக்கிறேன். முதல் முறை நீங்கள் இப்போது யோசிக்கிற அதே குடிலைத்தான் எடுத்தேன்.

முதலில் பெயர்க் குழப்பம். ஹேவ்லாக்கின் அரசுப் பெயர் 2018 டிசம்பர் 30 முதல் சுவராஜ் தீவு. அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேருக்கும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அறை பதிவு செய்யும் ஆப்களில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் புழங்குகின்றன. தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஒரு பெயரில் வராத சின்ன லாட்ஜ் இன்னொரு பெயரில் வரும்.

ஊருக்குள் இந்தப் பெயர்கள் எதையும் யாரும் அதிகம் சொல்வதில்லை, நம்பர்தான் பேச்சு. படகு வந்து நிற்கும் ஜெட்டி ஒன்றாம் நம்பர். கடைவீதி இருக்கும் கோவிந்த நகர் மூன்றாம் நம்பர். குறைந்த வாடகைக் குடில்கள் வரிசையாக நிற்கும் விஜய நகர் கடற்கரை ஐந்தாம் நம்பர். படங்களில் எல்லோரும் பார்த்து மயங்கும் ராதாநகர் கடற்கரை ஏழாம் நம்பர். கோவிந்த நகர், விஜய நகர், கிருஷ்ணா நகர், ஷ்யாம் நகர், ராதா நகர் என்று ஊர்ப் பெயரெல்லாம் கண்ணனைச் சுற்றியே இருப்பதைக் கவனிப்பீர்கள். பிரிவினைக்குப் பிறகு கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிக் குடும்பங்களை 1950-களில் அரசு இங்கே குடியமர்த்தியது. காட்டை வெட்டி நெல்லும் தென்னையும் பாக்கும் வைத்தவர்கள் அவர்கள். நீங்கள் தங்கப்போகும் லாட்ஜும் பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகளோ பேரன்களோ தங்கள் தோப்பில் நாலு அறை கட்டி நடத்துவதாகத்தான் இருக்கும். இது தெரிந்து போனால் அவர்களிடம் பேசும் விதமே மாறிவிடும். நட்சத்திர ஓட்டல் சிப்பந்தியிடம் பேசுவதுபோல் அவர்களிடம் பேசக்கூடாது. அவர்கள் வீட்டு முற்றத்தில்தான் நாம் தங்குகிறோம்.

இனி கடற்கரை. இதை நிதானமாகப் படியுங்கள், ஏமாற்றம் எல்லாம் இங்கேதான் நடக்கிறது.

ஐந்தாம் நம்பர் கடற்கரை கிழக்கே பார்த்தது. ஆழமில்லாமல் நெடுந்தூரம் தட்டையாகப் போகும் தரை, அதன் மேல் செத்த பவளப்பாறை. நம் மெரினாவில் கடல் ஏறுவதும் வற்றுவதும் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் வித்தியாசம் வரும். தரை தட்டையாக இருப்பதால் அந்த இரண்டு மீட்டர் வற்றியதும் கடல் கண்ணுக்கெட்டாத தூரம் பின்வாங்கிவிடும். மிஞ்சுவது பாறையும் சேறும் குட்டை குட்டையாகத் தேங்கிய தண்ணீரும். விளம்பரப் படத்தில் குடிலின் வாசலில் நீல நிறத்தில் தளும்பும் கடல் பொய்யில்லை. ஏற்றம் இருக்கும்போது எடுத்த படம் அது. ஒரு நாளைக்கு இரண்டு முறை அப்படி இருக்கும், இரண்டு முறை இப்படி இருக்கும். தினமும் அந்த நேரம் ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். என் முதல் பயணத்தில் பிள்ளைகள் குளிக்கத் துண்டோடு ஓடினார்கள். முழங்கால் அளவு தண்ணீர் கிடைக்கவே பாறை மேல் வெகுதூரம் நடக்க வேண்டியிருந்தது. சின்னவன் காலில் பவளம் கிழித்து, அந்தப் புண் ஆற இரண்டு வாரம் ஆயிற்று. பவளம் கிழித்த புண் சுலபத்தில் ஆறாது. சோப்பும் நல்ல தண்ணீரும் விட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

அதனால் "கடல் பார்த்த அறை" என்பதற்காக நாளுக்கு ஐந்நூறு, எழுநூறு கூடுதலாகக் கொடுப்பதில் உங்களுக்கு லாபம் இல்லை. சூரியோதயம் பார்க்க வேண்டுமானால் எதிர்ச் சாரியில் இருக்கும் லாட்ஜிலிருந்து இரண்டு நிமிடம் நடந்து கடற்கரைக்குப் போய்விடலாம். குளிக்க வேண்டுமானால் எப்படியும் ராதாநகர்தான் போகப்போகிறீர்கள். அது மேற்கே பார்த்த கடற்கரை. சுத்தமான வெள்ளை மணல், பாறை கிடையாது, பின்னால் வானுயர்ந்த கடல் மஹுவா மரங்கள். சுத்தத்துக்கும் பாதுகாப்புக்கும் தரும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2020-இல் பெற்ற கடற்கரைகளில் அதுவும் ஒன்று. ஜெட்டியிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கே குறைந்த வாடகையில் அறை கிடைப்பது அரிது, சாயங்காலத்துக்குப் பிறகு சாப்பாட்டுக் கடைகளும் குறைவு. ஆகவே மூன்றாம் நம்பருக்கும் ஐந்தாம் நம்பருக்கும் நடுவில் தங்குங்கள். கடைவீதி, மருந்துக்கடை, ஏடிஎம், ஆட்டோ எல்லாம் பக்கத்தில் இருக்கும். அம்மாவுக்காகவும் இதையே சொல்கிறேன்.

அம்மா என்றதும் குடிலைப் பற்றி இன்னொன்று. நிக்கோபாரி குடில் என்ற பெயரில் பல இடங்களில் ஒன்று வைத்திருப்பார்கள். தூண் மேல் உயர்த்திக் கட்டியிருக்கும், மரப்படி ஏறித்தான் போக வேண்டும். படி செங்குத்தாக இருக்கும், இரவில் வெளிச்சமும் போதாது. வாடகை மிகவும் குறைவான குடில்களில் கழிப்பறை தனியாகத் தோப்புக்குள் இருக்கும். நடுராத்திரியில் டார்ச் அடித்துக்கொண்டு அம்மாவை அழைத்துப் போகும் நிலைமை வேண்டாம். "அட்டாச்டு பாத்ரூம், வெஸ்டர்ன் டாய்லெட், தரைத்தளம்" என்ற மூன்றையும் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். போனில் சொல்வதோடு விடாமல், அந்த அறையையே அந்த நேரத்தில் ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நல்ல லாட்ஜ்காரர் முகம் சுளிக்காமல் அனுப்புவார். எனக்கு இதுவரை அனுப்ப மறுத்த இடத்தில் நான் தங்கியதில்லை.

அடுத்தது தண்ணீரும் கரண்டும். தீவில் ஆறு கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். மழைத்தண்ணீர், ஓடைத்தண்ணீர், கிணறு, இவற்றை வைத்துத்தான் ஊரும் நடக்கிறது, லாட்ஜும் நடக்கிறது. கடலை ஒட்டிய கிணறு என்றால் தண்ணீர் லேசாகக் கரிக்கும். குளிக்கலாம், தலைமுடி மட்டும் கயிறு மாதிரி ஆகிவிடும். ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை முடிந்த புதிதாக இருப்பதால் பஞ்சம் இராது. மார்ச், ஏப்ரலில் போகிறவர்கள்தான் தண்ணீரைப் பற்றிக் கட்டாயம் கேட்க வேண்டும். குடிநீருக்கு என்ன ஏற்பாடு, ஃபில்டர் வைத்திருக்கிறார்களா, நம் பாட்டிலில் பிடித்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். தீவுக்குள் வரும் பிளாஸ்டிக் வெளியே போக ஒரே வழி கப்பல்தான். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோனால் உங்களுக்கும் செலவு குறையும், அவர்கள் தோப்பும் குப்பையாகாது.

கரண்ட் பெரும்பாலும் டீசலை எரித்து எடுப்பது. அந்த டீசலும் கப்பலில்தான் வருகிறது. இடையிடையே கரண்ட் போகும். குறைந்த வாடகை இடங்களில் இன்வெர்ட்டரோ சின்ன ஜெனரேட்டரோ இருக்கும், அது விளக்குக்கும் ஃபேனுக்கும் தாங்கும், ஏசிக்குத் தாங்காது. ஜனவரி இரவுக்கு ஏசி தேவையும் இல்லை. ஃபேனும் கொசுவலையும் இருந்தால் போதும், அதில் மிச்சமாகும் பணத்தை இரண்டாவது அறைக்குப் போடுங்கள். "கரண்ட் போனால் ஃபேன் ஓடுமா?" என்று மட்டும் கேளுங்கள். "ஜெனரேட்டர் இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். மோட்டார் ஓடாவிட்டால் மேல்தொட்டியில் தண்ணீரும் ஏறாது. அதனால் ராத்திரி படுக்கும் முன் ஒரு வாளி பிடித்து வைத்துக்கொள்வது அங்கே நல்ல பழக்கம். வெந்நீருக்கு கீசர் இல்லாவிட்டாலும் சொல்லிவைத்தால் காலையில் ஒரு வாளி கொண்டுவந்து தருவார்கள். அம்மாவின் முழங்காலுக்கு அது உதவும்.

போன், இன்டர்நெட் பற்றிப் பழைய பயணக் குறிப்புகளைப் படித்துப் பயப்பட வேண்டாம். சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் அளவுக்குக் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கி வைத்தார்கள். அது போர்ட் பிளேரோடு நிற்காமல் ஹேவ்லாக் வரை போகிறது. அதற்கு முன் ஒரு படம் அனுப்பவே தவம் கிடக்க வேண்டும். இப்போது கடைகளில் ஜிபே ஓடுகிறது. ஆனாலும் சிக்னல் படுக்கிற நாள் உண்டு, ஏடிஎம்மில் பணம் தீர்கிற நாளும் உண்டு. நான்கு நாள் சாப்பாட்டுக்கும் ஆட்டோவுக்கும் ஆகும் பணத்தை நோட்டாகவே போர்ட் பிளேரில் எடுத்துக்கொண்டு போங்கள்.

நேரம் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். அந்தமான் நம்மை விடக் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம் கடிகாரம். ஆகவே சென்னையை விட முக்கால் மணி நேரத்துக்கும் மேல் முன்னதாகப் பொழுது விடியும், முன்னதாகவே அடையும். ஜனவரியில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் வந்துவிடும், சாயங்காலம் ஐந்தே காலை ஒட்டி ராதாநகரில் இறங்கிவிடும். "நாலு மணிக்கு மேல் வெயில் தாழப் போகலாம்" என்ற நம் ஊர்க் கணக்கில் கிளம்பினால், போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே அஸ்தமனம் முடிந்து ஆட்கள் திரும்பத் தொடங்கிவிடுவார்கள். மதியம் இரண்டரைக்கே கிளம்பிவிடுங்கள். அரசுப் பேருந்து ஜெட்டிக்கும் ராதாநகருக்கும் போய்வருகிறது, கட்டணம் சொற்பம். அம்மாவோடு போவதால் போக வர ஆட்டோ பேசி, அங்கேயே காத்திருக்கச் சொல்லுங்கள். இருட்டிய பிறகு அங்கே ஆட்டோ தேடுவது சிரமம்.

இதே காரணத்தால் லாட்ஜ் நடைமுறையும் முன்னதாகவே இருக்கும். பல இடங்களில் காலை எட்டு, ஒன்பது மணிக்கே அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். காலைப் படகில் போகிறவர்களை அனுப்பிவிட்டு, அதே படகில் வருகிறவர்களுக்கு அறையைக் கழுவிக் கொடுக்க வேண்டும் அல்லவா. உங்கள் படகு மதியம் என்றால் லக்கேஜை வைத்துக்கொள்ள இடம் தருவார்களா, அம்மா உட்கார நிழல் இருக்குமா என்று முதல் நாளே பேசிவிடுங்கள்.

சாப்பாடு உங்களுக்குப் பிரச்சினையாக இராது. மூன்றாம் நம்பர் கடைவீதியில் வங்காளி மீன் சாப்பாடு நன்றாக இருக்கும். சோறு, பருப்பு, ஒரு பொரியல், கடுகு வாசனையோடு மீன் குழம்பு. பாதி வாடகைக்கு அறை தரும் லாட்ஜ்கள் சில தங்கள் உணவகத்தில்தான் லாபம் பார்க்கும். அதனால் "சாப்பாடு இங்கேதான் சாப்பிட வேண்டுமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். காய்கறியில் பெரும்பகுதி சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில் வருவதால் மரக்கறிச் சாப்பாடு நம் ஊரை விட விலை கூடத் தெரியும். அது கொள்ளை இல்லை. இட்லி தோசையும் கிடைக்கும். அந்தமானில் தமிழர் நிறையப் பேர் என்பதால் கடையிலோ ஆட்டோவிலோ யாராவது ஒருவர் தமிழில் பேசிவிடுவார். அம்மாவுக்கு அது எவ்வளவு தெம்பு என்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

மணல் ஈ பற்றிக் கொஞ்சம். கடுகளவுகூட இருக்காது, கடிக்கும்போது தெரியாது, மறுநாள் தடித்துக்கொண்டு ஒரு வாரம் அரிக்கும். காலையிலும் சாயங்காலமும் மணலில் நேராகப் படுப்பது, உட்காருவது வேண்டாம். கனமான பாய் ஒன்று கொண்டுபோங்கள். பிள்ளைகளுக்கு முழுக்கால் சட்டை போட்டு, வெளியே தெரியும் இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். சொறியவே கூடாது, சொறிந்தால் புண்ணாகும்.

கடலில் இறங்கும் இடம் விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு. 2010-இல் ராதாநகரை அடுத்த சிறு குடாவில் முதலை தாக்கி ஒரு பெண் பயணி இறந்தார். பயந்து கடலுக்கே போகாமல் இருக்க வேண்டியதில்லை. கொடி நட்டு, உயிர்காப்பாளர் நிற்கும் பகுதிக்குள் மட்டும் குளியுங்கள். ஓடை வந்து கடலில் கலக்கும் இடம், அலையாத்திக் காட்டு ஓரம், ஆளில்லாத அழகான மூலை, இங்கெல்லாம் பிள்ளைகளை விடாதீர்கள். லாட்ஜ்காரரிடம் "இப்போது எங்கே இறங்கலாம்?" என்று கேட்டால் அவர் சொல்வதுதான் கடைசி வார்த்தை.

ஸ்கூபா, ஸ்நார்க்கலிங் எல்லாம் லாட்ஜிலேயே விற்பார்கள். ஸ்கூபாவுக்குப் பிள்ளைக்குப் பத்து வயது நிறைந்திருக்க வேண்டும். ஸ்நார்க்கலிங்குக்குப் போகும் எலிஃபண்ட் பீச்சுக்கு ஜெட்டியிலிருந்து படகில் போகலாம். அம்மா அந்தச் சின்னப் படகில் ஏறி இறங்குவது கஷ்டம், அவரைக் கூட்டிப் போக வேண்டாம்.

கடைசியாகப் படகு. இதைக் கடைசியில் சொன்னாலும் நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான். அறையைப் பதிவு செய்யும் முன் படகு டிக்கெட்டை எடுங்கள். அறை கிடைத்து டிக்கெட் கிடைக்காவிட்டால் கொடுத்த அட்வான்ஸ் போயிற்று. ஜனவரி 26-ஐ ஒட்டி நீண்ட விடுமுறை வந்தால் படகு நிரம்பிவிடும், அறை வாடகையும் ஏறும். உங்கள் தேதியை நாலு நாள் தள்ளிப் போட முடியுமா பாருங்கள். அரசுப் படகு போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து புறப்படும், கட்டணம் மிகக் குறைவு, இரண்டரை மணி நேரம் போல ஆகும், மேல்தளத்தில் காற்றாட நிற்கலாம். தனியார் படகுகள் ஹேடோ துறையிலிருந்து போகும். ஏசி, நம்பர் போட்ட இருக்கை, ஒன்றரை மணி நேரத்தை ஒட்டிய பயணம். கதவை மூடிவிடுவார்கள், அலை அதிகமான நாளில் வாந்தி வரும். உங்கள் குடும்பத்துக்கு நான் தனியார் படகையே சொல்வேன், அறையில் மிச்சம் பிடித்த பணத்தை இங்கே செலவழியுங்கள். ஏறுவதற்கு அரை மணிக்கு முன் வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டால் போதும். அம்மா ஏதாவது மாத்திரை வழக்கமாகச் சாப்பிடுகிறவர் என்றால் அதைப் பற்றி டாக்டரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். எல்லோருடைய அடையாள அட்டையின் அசலும் கையில் இருக்கட்டும்.

திரும்பும் நாளில் படகும் விமானமும் ஒரே நாளில் வைக்கவே வைக்காதீர்கள். காற்று கிளம்பினால் படகை நிறுத்திவிடுவார்கள், யாரும் ஒன்றும் செய்ய முடியாது. 2016 டிசம்பரில் புயல் சின்னத்தால் ஹேவ்லாக்கிலும் பக்கத்து நீல் தீவிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல் போய்த்தான் மீட்டு வந்தது. நான்கு இரவில் மூன்றை ஹேவ்லாக்கிலும் கடைசி ஒன்றைப் போர்ட் பிளேரிலும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவது என்றாலும், ஹேவ்லாக்கில் இருப்பது சின்ன அரசு மருத்துவமனைதான். பெரிய வைத்தியத்துக்குப் போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். அவர் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையை ஒரு வாரத்துக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் பிள்ளைகளின் பையை ஒருமுறை கொட்டிப் பாருங்கள். பவளத்துண்டும் பலவகைச் சங்கும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகின்றன, விமான நிலையத்தில் ஸ்கேனரில் பிடித்துவிடுவார்கள். என் சின்னவன் அழுதுகொண்டே ஒரு கை நிறையச் சங்கை ஐந்தாம் நம்பர் கடற்கரையில் திரும்ப வைத்தான். ஒவ்வொன்றாக வைத்தபோது அதில் இரண்டு நகர்ந்து போயின. உள்ளே துறவி நண்டு இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவன் அழவில்லை, படகு நேரம் வரும்வரை அவை கடலுக்குப் போய்ச் சேருகின்றனவா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.